மணி காட்டாத நீலக் கடிகாரம்

ஆய்வு முடிந்துவிட்டது. பூட்டி வைத்திருந்த பட்டியலையும் பிரித்தாயிற்று. எந்தக் குழந்தைக்கு எது போனது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அதனால் இனி நான் வாய் திறக்கலாம். ஒன்றரை வருடம் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் அந்த மையத்தின் மருந்தாளுநர். ஏ.டி.எச்.டி. என்று இப்போது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சொல்கிறார்களே, ஓர் இடத்தில் உட்கார முடியாத, ஒன்றில் கவனம் நிற்காத குழந்தைகள், அவர்களுக்கான ஒரு மருந்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வு அது. பாதிக் குழந்தைகளுக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வடிவத்தில், உள்ளே ஒன்றுமே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் பார்க்கிற கண்ணே மாறிப்போகுமாம். தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் ஜன்னலுக்குக் கம்பி, என் அலமாரிக்குப் பூட்டு, என் வாய்க்கும் பூட்டு. ஊமை கண்ட கனவு மாதிரிதான் என் பிழைப்பு.

ஆனால் நான் சொல்ல வந்தது பம்பரத்தைப் பற்றி.

முப்பத்து நாலு வயது. மெலிந்த உடம்பு, எப்போதும் ஒரு பக்கம் அவிழ்ந்த செருப்பு வார். குழந்தைகளின் கையில் மீட்டர் கட்டிவிடுவதும், அதைத் திரும்ப வாங்கிக் கணினியில் இணைத்து வரைபடம் எடுப்பதும்தான் அவள் வேலை. அந்த மீட்டர் பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும், மணி காட்டாது. கை எவ்வளவு ஆடுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் உள்ளே பதிந்துகொள்ளும். எங்கள் டாக்டரம்மாவுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். "மனுஷன் எழுதற தாள்ல மனுஷனோட மூடு இருக்கும். மீட்டருக்கு மூடு கிடையாது" என்பார்.

பம்பரம் என்று பெயர் வைத்தவள் நான்தான். சேர்ந்த முதல் நாளே என் ஜன்னலுக்கு வந்து, நின்ற இடத்தில் நில்லாமல், ஒரு விரலால் கம்பியைத் தட்டிக்கொண்டே மூன்று கேள்வி கேட்டாள். மூன்றுக்கும் பதில் வருவதற்குள் போய்விட்டாள். போனவள் தன் டீயை என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என் மேஜையில் பேனா வைக்கும் இடத்தில்கூட பேனாவைத் தவிர வேறு எதுவும் இருக்காது, கேட்டுப் பாருங்கள்.

இதற்கு முன் ஆறு இடத்தில் வேலை பார்த்திருக்கிறாள். பேக்கரியில் அடுப்பை அணைக்க மறந்தாள். நூலகத்தில் புத்தகங்களை மாற்றி மாற்றி அடுக்கினாள். பல் மருத்துவரிடம் ஒரே நேரத்துக்கு நாலு பேரை வரச் சொன்னாள். எல்லா இடத்திலும் ஒரே வார்த்தை: கவனம் போதாது. அண்ணன் வீட்டில், தையல் எந்திரம் இருந்த அறையின் மறு பாதியில் அவளுக்குக் கட்டில். அண்ணி தையல்காரி. சுவரில் ஒவ்வொரு கத்தரிக்கோலுக்கும் ஓர் ஆணி, ஆணிக்குக் கீழே பென்சிலால் அதன் உருவம் வரைந்து வைத்திருப்பவள். அந்த வீட்டில் தினமும் ஒரு கத்தரிக்கோல் காணாமல் போகும் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அண்ணி நல்லவங்கதான்க்கா. ஆனா ஒண்ணு சொல்லுவாங்க பாருங்க, 'நீ வேணும்னே பண்ற'ன்னு. அதைத்தான் தாங்க முடியல. வேணும்னா நான் ஏன்க்கா பால் பொங்க விடப் போறேன்?" என்பாள். "இந்த வேலையும் போச்சுன்னா இனிமே கேட்கவே மாட்டோம்னு அண்ணன் சொல்லிட்டாரு."

"அப்படின்னா ஒழுங்கா இரு" என்று நான் சொன்னேன். சொல்வது சுலபம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தைகளை அவளைப் போலச் சமாளிக்க அங்கே ஆள் கிடையாது. காத்திருப்பு அறையில் நாற்காலிமேல் ஏறி நிற்கிற குழந்தையிடம் நாங்கள் எல்லோரும் "இறங்கு, இறங்கு" என்போம். அவள் பக்கத்து நாற்காலியில் தானும் ஏறி நின்று, "அங்கேருந்து என்ன தெரியுது?" என்பாள். குழந்தை சொல்லும். இரண்டு பேரும் சேர்ந்து இறங்குவார்கள். அதற்குள் மீட்டர் கட்டியாகியிருக்கும்.

அப்படி வந்தவள்தான் குட்டி வக்கீல். எட்டு வயதுப் பெண். அப்பா பஸ் பணிமனையில் மெக்கானிக், அம்மா இல்லை. முதல் நாள் வந்து அரைமணி நேரத்தில் எங்கள் எல்லோரையும் கூண்டில் ஏற்றிவிட்டாள். "இது வாட்ச்னா மணி ஏன் காட்டல? மணி காட்டலன்னா இது எப்படி வாட்ச்? நான் தூங்கும்போது இது முழிச்சிட்டு இருக்குமா? அப்போ அது எப்போ தூங்கும்?" பம்பரம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பதில் தெரியாதபோது திருப்பிக் கேள்வி கேட்டாள். ஜாடிக்கேற்ற மூடி. பள்ளியில் அந்தப் பெண்ணை வகுப்புக்கு வெளியே உட்கார வைத்திருந்தார்கள். அப்பா வேறு வழியில்லாமல்தான் ஆய்வுக்குக் கையெழுத்துப் போட்டார்.

பட்டியலைப் பார்த்தேன். குட்டி வக்கீலுக்கு நிஜ மாத்திரை.

மருந்து கெட்டது என்று சொல்கிறேன் என நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாத்திரையால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பக்கம் முழுக்க எழுதி முடித்து, அந்தத் தாளை என் ஜன்னல்வரை கொண்டுவந்து காட்டிய குழந்தைகள் உண்டு. ஒருத்தியின் அம்மா சந்தோஷத்தில் இங்கேயே உட்கார்ந்து அழுதாள். விஷயம் அளவில் இருக்கிறது. ஒருத்திக்குச் சரியான அளவு இன்னொருத்திக்கு அதிகம்.

மூன்றாவது வாரம் வந்தபோது குட்டி வக்கீல் காத்திருப்பு அறையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பம்பரம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நாற்காலிமேல் ஏறி நின்றும் பார்த்தாள். பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அப்பா சொன்னார்: "ஸ்கூல்ல சந்தோஷப்படறாங்க மேடம். வீட்டுலதான்... சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருக்கு. எட்டு மணிக்கெல்லாம் தானாப் போய்ப் படுத்துக்குறா." மருந்துச் சீட்டில் எடை எழுதியிருந்தது. ஒரு கிலோ குறைந்திருந்தது. நான் பாட்டிலை எண்ணிக் கொடுத்தேன்.

அன்றுதான் அது நடந்தது. ஒரு வாரத்துக்கு மீட்டர் கட்ட வேண்டும். பேட்டரி மாற்றிய மீட்டரை ஒரு வாரம் ஊழியர் யாராவது கட்டிப் பார்த்த பிறகுதான் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த ஒத்திகையெல்லாம் பம்பரத்தின் கையில்தான். அன்று அவள் கையில் நீல வாருடன் ஒன்று. குழந்தைக்கென்று எடுத்து வைத்தது சிவப்பு. பதிவேட்டில் இரண்டு எண்களையும் எழுதியாகிவிட்டது. சிவப்பைக் கட்டப் போகும்போது, வந்ததிலிருந்து வாயே திறக்காத பெண், மெதுவாக, "எனக்கு உங்களோட நீலம்" என்றாள்.

அது ஒன்றுதான் அன்று அவள் கேட்டது. பம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பேசிட்டாக்கா! என்கிட்ட கேட்டாக்கா!" என்று என்னிடம் ஓடிவந்து சொல்லிவிட்டுப் போனாள். நீலத்தைக் கழற்றி அவள் கையில் கட்டிவிட்டு, சிவப்பைத் தன் கையில் கட்டிக்கொண்டாள். பதிவேட்டை மாற்றி எழுதுவதற்குள் அடுத்த குழந்தை தண்ணீர்க் குடுவையைத் தள்ளிவிட்டது. அவ்வளவுதான், போயே போச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை நான்காவது வாரம். அன்று டாக்டர் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: அளவை அப்படியே வைப்பதா, குறைப்பதா, ஏற்றுவதா. ஆசிரியர் நிரப்ப வேண்டிய தாள் வந்து சேரவில்லை. அப்பா நிரப்பிய தாளில் எல்லாக் கேள்விக்கும் நடுக்கட்டத்திலேயே டிக். நடுவில் போட்டால் யாருக்கும் வம்பில்லை என்று நினைக்கிற மனிதர் அவர். ஆக மிச்சம் மீட்டர். அன்று காலை ஐந்து குழந்தைகள். பம்பரம் எல்லா மீட்டரையும், தன் கையிலிருந்ததையும் சேர்த்து ஒரே தட்டில் போட்டுக் கணினியில் இணைத்தாள். எண்ணைப் பார்த்து, பதிவேடு சொன்னபடி, கணினி அததை அவரவர் கோப்பில் போட்டுவிட்டது.

சற்று நேரத்தில் என் ஜன்னலுக்குச் சீட்டு வந்தது. குட்டி வக்கீலுக்கு அடுத்த அளவு. எடை, இன்னும் ஒரு கிலோ குறைவு.

நான் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியும், அவள் சாப்பிடுவது நிஜ மருந்து. பசியை அடிக்கும், பேச்சை அடக்கும். அதோ எதிரே, நாற்காலியில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அளவை ஏற்றச் சொல்லி எழுதியிருக்கிறது. எங்கேயோ இடிக்கிறது என்று மனது சொன்னது. எழுந்து போய் டாக்டரிடம், "ஒரு தடவை மறுபடி பாருங்களேன்" என்று கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார். முகத்திலேயே தெரிந்துவிடும். இத்தனை நாள் கட்டிக் காத்த ரகசியம் கெட்டுவிடும். விதிமுறை விதிமுறைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாட்டிலில் மாத்திரையை நிரப்பினேன், லேபிள் ஒட்டினேன், கையெழுத்தும் போட்டேன். நேராக, கோணாமல் ஒட்டினேன். அந்த லேபிளை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

அப்பா ஜன்னலுக்கு வந்தார். கையில் டாக்டர் கொடுத்த வரைபடத்தாள். "மேடம், ஒண்ணு கேட்கலாமா? இந்த மீட்டர் பொய் சொல்லுமா?"

"ஏன் கேட்கறீங்க?"

"ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஆடிட்டே இருந்தாள்னு இதுல வருதாம். எட்டு மணிக்கு அவ தூங்கிடறா. நான் பக்கத்துலதான் இருக்கேன். செவ்வாய்க்கிழமை காலையில என்னமோ மலை மலையா ஏறி இறங்குது பாருங்க. அப்போ அவ கிளாஸ்ல உட்கார்ந்திருப்பா. டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவங்க படிச்சவங்க."

"மீட்டர் பொய் சொல்லாது" என்றேன். கிளிப்பிள்ளை மாதிரி.

பம்பரம் அப்போதுதான் என் பக்கத்தில் வந்து, வழக்கம்போலக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "எங்கே, காட்டுங்க" என்று தாளை வாங்கினாள். பார்த்தாள். தட்டுவது நின்றது.

அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் நின்று நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். மெதுவாக விரலை வைத்துச் செவ்வாய்க்கிழமையின் மலைகளை எண்ணினாள். ஒன்பது.

எனக்கும் அப்போது சுரீரென்றது. அந்தச் செவ்வாய்க்கிழமை லிஃப்ட் வேலை செய்யவில்லை. கீழ்க்கிடங்கிலிருந்து பெட்டிகளை நாலாவது மாடிக்கு அவள்தான் தூக்கினாள். ஏறி இறங்கும்போதெல்லாம் என் ஜன்னலைத் தாண்டுவாள். "ரெண்டு பெட்டியைச் சேர்த்துத் தூக்கினா பாதி தடவை போதும், இது ஒன்பதாவது நடை" என்று கத்தியவள் நான்.

"அக்கா" என்றாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த பாட்டிலைக் கொடுக்காதீங்க."

அப்பாவைப் போய் மகளோடு உட்காரச் சொன்னேன். அவர் நகர்ந்ததும் பம்பரம் நீலம், சிவப்பு, பதிவேடு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். அவளை இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? விதிமுறை விதிமுறை என்று உயிரை விடுகிற நான், குரலைத் தாழ்த்தி, "மீட்டர் கோளாறுன்னு சொல்லிடு. மறுபடி ஒரு வாரம் கட்டிப் பார்க்கலாம்னு சொல்லு. உன் வேலையும் தங்கும், பிள்ளைக்கும் அளவு ஏறாது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "கோளாறுன்னா இன்னொரு வாரம் பிள்ளை இதே மாத்திரையைத்தானேக்கா சாப்பிடணும்? நீல மீட்டர்ல அவளோட வாரம் முழுசா இருக்கு. நிஜத்தைச் சொன்னா இப்பவே திறந்து பார்க்கலாம்."

"வேலை போயிடும்டி."

"தெரியும்க்கா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னவள் நான், மறைக்கமாட்டேன் என்றவள் அவள். பாட்டிலை எடுத்துக்கொண்டேன். பணி நேரத்தில் முதல்முறையாக என் ஜன்னலைச் சாத்தினேன். இரண்டு பேரும் டாக்டர் அறைக்குப் போனோம்.

டாக்டர் கேட்டார். கத்தவில்லை. நீல மீட்டரின் கோப்பைத் திறந்தார். பகலெல்லாம் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. எட்டு மணிக்கு அதுவும் அடங்கியது. எட்டு வயதுக் குழந்தையின் வாரம் அது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எடைகளைப் பார்த்தார். "இந்த எடையைப் பார்த்துட்டும் நான் ஏத்தச் சொல்லியிருக்கேனா?" என்றார் தனக்குத்தானே. அளவைப் பாதியாகக் குறைத்துப் புதுச்சீட்டு எழுதினார்.

பிறகு பழைய தாளை எடுத்தார். "அப்போ இது?"

"நான்தான் டாக்டர்" என்றாள் பம்பரம்.

டாக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். "சின்ன வயசுல உன்னை யார்கிட்டயாவது காட்டினாங்களா?"

"காட்டினாங்க டாக்டர். ஹெட்மாஸ்டர்கிட்ட."

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "இந்த ஆய்வுல சேர வர்ற குழந்தைங்கள்ல பாதிப் பேருக்கு இவ்வளவு ஆட்டம் இல்லம்மா. நீ ஒரு நல்ல டாக்டரைப் பாரு. பெரியவங்களுக்கும் வைத்தியம் இருக்கு. நான் எழுதித் தர்றேன்" என்றார்.

அந்த மாதக் கடைசியில் பம்பரத்தை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். டாக்டர் அவளுக்காகப் பேசிப் பார்த்தார். தவறு பற்றிய அறிக்கை மேலே போயிற்று, மேலே இருப்பவர்களுக்குப் பதிவேடுதான் தெரியும். கிளம்பும் நாளில் என் ஜன்னலுக்கு வந்து, "அக்கா, அந்தத் தாள்ல ஒரு நகல் கிடைக்குமா? என்னோட வாரம்தானே அது. அண்ணிகிட்ட காட்டணும்" என்றாள்.

மையத்தின் தாள் எதுவும் வெளியே போகக் கூடாது. நான் நகல் எடுத்து, மடிக்காமல், உறையில் போட்டுக் கொடுத்தேன்.

அண்ணி அதைத் தையல் எந்திரத்தின்மேல் விரித்து வைத்துப் பார்த்தாளாம். இரண்டு நாள் கழித்து, நூல் கோத்துக்கொண்டே, "இதுல நீ சும்மா இருந்த நேரம் எங்கே இருக்கு?" என்று கேட்டாளாம். பம்பரம் காட்டினாளாம். "இவ்வளவுதானா?" என்றாளாம் அண்ணி. அப்புறம் அந்த வார்த்தையை, 'வேணும்னே பண்ற'வை, சொல்லவில்லையாம். போனில் இதைச் சொல்லும்போது அவள் அழுதாள், நானும்தான். இப்போது ஒரு பார்சல் அலுவலகத்தில் இருக்கிறாள். மாத்திரையும் சாப்பிடுகிறாள். "தெருத் தெருவா நடக்கறதுக்குச் சம்பளம் தர்றாங்கக்கா, இது தெரியாம இத்தனை வருஷம் போச்சே!" என்கிறாள். போன வாரம் ஒரு பார்சலை மாற்றிக் கொடுத்துவிட்டு, உடனே ஓடிப்போய் வாங்கி வந்தாளாம்.

குட்டி வக்கீல் ஆறாவது வாரம் வந்தாள். எடை அரைக் கிலோ ஏறியிருந்தது. கையில் பாதி தின்ற பன். வாயில் மீதி. என் ஜன்னலில் தாவி ஏறி, "மருந்து ஆன்ட்டி, இந்த ஜன்னலுக்கு எதுக்குக் கம்பி? மாத்திரை ஓடிடுமா?" என்றாள்.

"ஆமா, ஓடிடும்" என்றேன். என் மேஜையெல்லாம் பன் தூள். துடைக்கத் தோன்றவில்லை.

"நீல வாட்ச் அக்கா எங்கே?"

"வேற வேலைக்குப் போயிட்டாங்க."

"ஏன்?"

இந்தப் பிள்ளையிடம் பொய் சொல்லித் தப்ப முடியுமா? "வாட்ச் மாறிப்போச்சு. அது ஒரு தப்பு."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "நான்தானே நீலம் கேட்டேன். அப்போ தப்பு என்னோடதா?"

"ஐயையோ, இல்லடா கண்ணு."

"அக்காவோடதா?"

"அவங்களோடது கொஞ்சம். ஆனா அவங்க அதைத் தானே போய்ச் சொல்லிட்டாங்க."

"அப்போ மீதி யாரோடது?"

பாட்டில் என் கையில் இருந்தது. லேபிள் ஒட்டியிருந்தேன், கையெழுத்து இன்னும் போடவில்லை. அப்பா தூரத்தில் நின்று, அவளை இறங்கச் சொல்லிக் கை காட்டினார். அவள் இறங்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தாள்.

"என்னோடது" என்றேன்.